வேலிக் காசு

ஆடி அமாவாசைக்கு நொச்சித்துறை முழுவதுமே கீரிமலைக்குப் போயிருந்தது. தகப்பனை இழந்தவர்கள் தர்ப்பணம் கொடுக்கப் போனார்கள். தகப்பன் உள்ளவர்கள் கச்சான் கடலை வாங்கப் போனார்கள். ஊரில் மிச்சம் நின்றவை நாய்களும் காகங்களும்தான். அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ பிளேன் றோட்டில் கம்பம் ஒன்றை நட்டிருந்தார்கள்.

முதலில் கண்டவள் இராசமலர். ஈரத் தலையை முடிந்தபடி புருஷன் தம்பிஐயாவுக்கு முன்னால் விறுவிறென்று வந்தவள், தாழையடி திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உதென்ன?"

இரும்புக் கம்பம். முருங்கை மர உயரம். உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிக் குழாயொன்று, தென்மேற்குச் சோளகக் காற்றில் உப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"ஆரின்ரையோ களிசானிலை ஒரு கால் காயுது," என்றான் தம்பிஐயா.

பகிடி சொன்னானே தவிர, அவன் முகத்தில் சிரிப்பில்லை. கம்பத்தைக் கண்டு அவன் திகைக்கவும் இல்லை. இராசமலர் அதைக் கவனித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குத் தப்பி நொச்சித்துறையில் ஒரு சூடை மீன்கூடக் காய்ந்தது கிடையாது.

பிளேன் றோட்டு என்பது சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் அவசரத்துக்குப் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை. கடற்கரையை ஒட்டி நேர்க்கோடாகக் கிடந்தது. சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் போனான், தார் போகவில்லை. எப்போதாவது ஒரு சின்னப் பிளேன் வழி தவறிய கொக்கு மாதிரி வந்து இறங்கி ஏறும். மற்ற நாளெல்லாம் அது மீன் காயும் இடம். காலையில் பிளந்து உப்புப் போட்டுப் பரப்பினால் பின்னேரம் கருவாடு. மணல் ஒட்டாத கருவாடு. மருதனார்மடம் சந்தையில் "நொச்சித்துறைச் சரக்கு" என்று சொன்னாலே போதும், பெண்டுகள் கடித்துப் பார்க்காமல் வாங்குவார்கள்.

அதிலும் கடற்பக்கத் தலைப்பில், காற்று முதலில் வந்து விழும் இடம் இராசமலருடையது. பங்குனியில் திருக்கை முள் குத்தித் தம்பிஐயாவின் வலது கை வீங்கியது. வீக்கம் வற்றிய பிறகும் மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. வலை இழுக்க முடியாத மனிதனுக்குக் கடலில் என்ன வேலை? அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு எரிவது அந்தத் தார்த் துண்டை நம்பித்தான். இப்போது கம்பம் நிற்பது சரியாக அவளுடைய இடத்தின் தலைமாட்டில்.

நொச்சித்துறைக்கு ஒரு வழமை உண்டு. ஆடி அமாவாசை கழிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இடத்தில் துணி கட்டிய கம்பொன்று நடுவார்கள். வாடைக்காற்று வரும்வரை அந்த இடம் அவர்களுடையது. ஒருவர் நட்டதை இன்னொருவர் பிடுங்குவதில்லை. பெற்ற தகப்பன் நட்டிருந்தாலும் பிள்ளை கை வைப்பதில்லை. வழக்கு இருந்தால் எதிரே தன்னுடைய கம்பை நட வேண்டும். பிறகு பிள்ளையார் கோயிலடியில் கூடிக் கதைப்பார்கள்.

"உது நமசிவாயத்தின்ரை வேலை," என்றாள் இராசமலர். "போன வரியமே உந்தத் தலைப்பிலை அவனுக்கு ஒரு கண். ஊர் இல்லாத நேரம் நட்டிருக்கிறான், களவாணி."

"அவனுக்கு இரும்புக் கம்பத்துக்கு ஏது வழி? சும்மா விடு. நாளைக்குப் பாப்பம்."

"ஏன் நாளைக்கு? நாளைக்கு என்ன கிடக்கு?"

தம்பிஐயா நடையைக் கட்டினான். வீட்டுக்குப் போய், மடியிலிருந்து சிகரெட் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தான். இராசமலர் அமாவாசை விரதத்துக்கான காத்தோட்டிக்காய்க் கறிக்குத் தேங்காய் திருவியபடி அதைப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து சுருட்டைத் தவிர வேறொன்றைப் பிடித்தறியாத மனிதன்.

"சிகரெட் ஆர் தந்தது?"

"கீரிமலையிலை ஒரு தெரிஞ்ச ஆள்."

"உங்களுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாத ஆளோ? ஆணோ பெண்ணோ?"

"விசரி! அமாவாசை விரதத்தோடை என்ன கதை கதைக்கிறாய்?"

காத்தோட்டிக்காய் அன்று வழக்கத்தைவிடக் கசந்தது.

விடிந்ததும் இராசமலர் ஒரு மரச் சிலாகையை எடுத்தாள். பழைய சிவப்புச் சீத்தைச் சேலையில் ஒரு முழம் கிழித்து அதில் கட்டினாள். ஓரத்தில் நட்டால் போதாது என்று அவளுக்குப் பட்டது. ஓடுபாதையின் நட்டநடுவில் தார் வெடித்துக் கிடந்த பிளவுக்குள் குத்தி, கல் வைத்து இறுக்கினாள். பிறகு விடியக் கரைக்கு வந்த கட்டா மீனைப் பிளந்து அதைச் சுற்றிப் பரப்பவும் தொடங்கினாள். வழக்குத் தீரும்வரை பரப்பக்கூடாதுதான். ஆனால் மீனுக்கு வழக்குத் தெரியாதே.

நமசிவாயம் பனையோலைக் கடகத்தோடு வந்தான். அவளுக்கு மச்சான் முறை.

"என்ன மச்சாள், ஒரு வீட்டுக்கு ரெண்டு கம்போ? இரும்பிலை ஒண்டு, சிலாகையிலை ஒண்டு. அடுத்ததை வெள்ளியிலை நடுவியளோ?"

"நடிக்காதை மச்சான். இரும்பு உன்ரை."

"என்ரையோ? என்னட்டை நங்கூரம் வாங்கவே இரும்பில்லை, கல்லைக் கட்டித்தான் போடுறன். நீர் நட்டுப்போட்டு என்ரை தலையிலை கட்டாதையும்."

"பிள்ளையாரறிய நீ நடேல்லையோ?"

"பிள்ளையாரறிய இல்லை. நீர் நடேல்லையோ?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருமே நடவில்லை என்றால், இந்த ஊரில் மற்றவன் இடத்தில் கம்பு நடும் துணிவு யாருக்கு?

விடை ஒன்பது மணிபோல மோரிஸ் காரில் வந்தது. ஓய்வுபெற்ற ஓவசியர் செல்வரட்ணம் பட்டுச் சால்வையோடு இறங்கினார். மருதனார்மடம் போகும் வழியில் தோட்டம் துரவு உள்ளவர்; நொச்சித்துறை விமானத்தள அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். அப்படி ஒரு சங்கம் இருப்பதே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. பின்னால் ஒரு பாரவண்டியில் கதிரைகள், வாழைமரம், மேளகாரர், மாலைகள்.

தாழையடியில் இறங்கியவர் ஓடுபாதையைப் பார்த்தார். நடுவில் சிவப்புக் கொடி, சுற்றிவரக் கட்டா, கட்டாவைச் சுற்றி ஊரிலுள்ள காகமெல்லாம்.

"ஆரடா உதை நட்டது? பிடுங்குங்கோ!"

யாரும் அசையவில்லை. கரையில் நின்றவர்களெல்லாம் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள்.

"பிளேன் வரப்போகுதடா! அதுக்குக் காத்துக் காட்டத்தான் நேற்றைக்கு அந்த இரும்புக் கம்பத்தை நட்டுவிச்சனான். கொழும்பிலையிருந்து அரசாங்கப் பெரியவர் வாறார். பிடுங்குங்கோ எண்டு சொல்லுறன்!"

"அது இராசமலரின்ரை கம்பு ஐயா," என்றான் நமசிவாயம் மரியாதையாக. "நாங்கள் தொடேலாது. அவ தொட்டால்தான்."

வடக்கே கடலின் மேல் இரைச்சல் கேட்டது. வெள்ளி மீன்போல ஒன்று பளபளத்து வந்தது. மேளகாரர் அவசரமாக ஊதத் தொடங்கினார். ஓவசியர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தாமே ஓடினார். உப்புத் தண்ணீரில் ஊறிய தாரில் சறுக்கி, கட்டா மீனுக்கு நடுவே குந்தினார். பிளேன் தாழ்ந்து வந்தது, சிவப்பைக் கண்டது, காகமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியதையும் கண்டது. மூக்கை நிமிர்த்தி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு பலாலி விமான நிலையப் பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரக்காரர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடி ஊதுகிறவர்.

"சிவப்பெண்டால் பிளேன்காரனுக்கு ஆபத்து எண்டு அருத்தமடி!" ஓவசியர் வேட்டியில் செதில் ஒட்ட எழும்பி நின்று கத்தினார். "சின்ன விமானத்தளங்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் குடுக்குது. பெரியவர் வந்து இறங்கி, 'தளம் நல்லாய்க் கிடக்கு' எண்டு எழுதினால்தான் காசு. வேலி போடக் காசு, காவலாளுக்குச் சம்பளம், எல்லாம் உன்ரை சீலைத்துண்டாலை போச்சு!"

"வேலியோ?" இராசமலர் மற்றதையெல்லாம் கேட்கவில்லை. "எங்கை வேலி?"

"சுத்திவர. முள்ளுக்கம்பி. ஆடு மாடு, மனிசர், கருவாடு ஒண்டும் உள்ளுக்கை வரேலாது. உன்ரை புருஷன்தான் காவல். அவனுக்கு எல்லாம் தெரியும். நேற்றைக்குக் கீரிமலையிலை வைச்சுச் சொன்னனான். கேள்."

அவள் திரும்பினாள். தம்பிஐயா தாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிகரெட்டின் விலை அவளுக்கு இப்போது விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்துவாள் என்று தம்பிஐயா காத்திருந்தான். அவள் கத்தவில்லை. பிட்டை அவித்து, சொதியை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். அதுதான் அவனைப் பயப்படுத்தியது.

"இஞ்சேர்... மாதச் சம்பளம். மழைக்கும் சம்பளம், வெயிலுக்கும் சம்பளம். என்ரை கைக்கு வேறை ஆர் வேலை தருவினம்?"

"என்ரை இடத்தை அடைச்சுப்போட்டு, அதுக்கு நீங்கள் காவல் நிக்கப் போறியளோ?"

"சொன்னால் நீ விடமாட்டாய் எண்டுதான்..."

"சொல்லியிருந்தால் நான் கம்பு நட்டிருக்கமாட்டன். உங்கடை பெரியவரும் இறங்கியிருப்பார். இப்ப ஆராலை கெட்டது?"

தம்பிஐயா சொதியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

ஆனால் ஒன்றும் கெடவில்லை. அன்று பின்னேரமே அந்தப் பெரியவர் பலாலியிலிருந்து காரில் வந்தார். ஓவசியர் வீட்டில் செவ்விளநீர் குடித்தார், நண்டுக் கறியோடு சாப்பிட்டார், ஓடுபாதைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போனார். புரட்டாதி பிறந்ததும் காசு வந்துவிட்டதென்று கேள்வி. பெரியவர் நொச்சித்துறையில் பத்திரமாக இறங்கி ஏறினார் என்று எழுதியிருந்தாராம்.

"இறங்காத பிளேனுக்குக் காசு வருது," என்றாள் இராசமலர். "அப்ப இனி என்னென்ன வராதோ."

முதலில் லொறி வந்தது. சுருள் சுருளாக முள்ளுக்கம்பி, உச்சியில் கறுப்பும் வெள்ளையும் அடித்த சீமெந்துத் தூண்கள். விமானத்தள வேலி என்றால் அப்படித்தான் அடிக்க வேண்டுமாம். படம் பிடிக்கிறவன் ஒருவன் வந்தான். ஓவசியர் மாலையோடு நின்று முதல் தூணை நட்டார். படத்துக்கென்று ஆழமாகவே நட்டார்கள். தம்பிஐயாவுக்குக் காக்கிச் சட்டை கிடைத்தது. தோள் இரண்டு பக்கமும் வழிந்தது.

இராசமலர் நாளும் விடிய எழும்பி வேலி வருகிறதா என்று பார்த்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று நினைத்து, கிடைத்த மீனையெல்லாம் வாங்கிப் பிளந்து பரப்பினாள். காக்கிச் சட்டைக்காரன் பக்கத்தில் நின்று இடக்கையால் காகம் விரட்டினான். நெத்தலி காய்ந்தது, கீரிமீன் காய்ந்தது, வேலி வரவில்லை. முதல் தூண் மட்டும் ஒற்றையாக நின்றது. அவள் அதற்கும் பனைமரத்துக்கும் நடுவே கயிறு கட்டிச் சுறாத் துண்டு தொங்கவிட்டாள்.

தாழையடியில் குவித்திருந்த கம்பிச் சுருள் மட்டும் கரைந்துகொண்டு வந்தது. தூண்களும் அப்படியே.

"சாமான் எங்கை போகுது?" என்று கேட்டாள்.

"லொறி வந்து ஏத்துது."

"எங்கை ஏத்துது? நீங்கள்தானே காவல்?"

"உள்ளுக்கை வாறதைத்தான் நான் காவல். வெளியிலை போறதை அல்ல," என்றான் தம்பிஐயா. சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள், மருதனார்மடத்துக்குக் கருவாட்டுக் கடகத்தோடு பஸ்ஸில் போனபோது அவள் கண்டாள். ஓவசியரின் புதுத் திராட்சைத் தோட்டம். நாலு பக்கமும் பளபளவென்று முள்ளுக்கம்பி. அதைத் தாங்கி, உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாகத் தூண்கள், வரிசை பிசகாமல் நின்றன. பிளேன் வந்தால் திராட்சைப் பந்தலில் இறங்கிவிடும்.

"கண்டியளே! நான் சொன்னன்! நான் சொன்னன்!" என்று பஸ்ஸுக்குள் யாருக்கோ கத்தினாள். கொண்டக்டர் கடகத்துக்கும் ரிக்கெற் வேண்டுமென்றான்.

சந்தையில் சரக்கை அரைவிலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு முதல்தடவையாகக் கண்ணால் கண்ட சாட்சி. அரசாங்கக் கச்சேரிக்குப் போய் முறையிடுவதா, கோயிலடியில் ஊரைக் கூட்டுவதா என்பது ஒன்றுதான் கேள்வி.

தம்பிஐயா எல்லாவற்றையும் கேட்டான். ஆறுதலாகச் சுருட்டைப் பற்றவைத்தான். சிகரெட் வரத்து நின்று நாளாகியிருந்தது.

"போய்ச் சொல்லு. நல்லாய்க் கத்திச் சொல்லு. ஓவசியரைப் பிடிப்பினம். பிறகு என்ன செய்வினம்?"

"என்ன செய்வினம்?"

"கம்பியையும் தூணையும் பிடுங்கி, அது நிக்க வேண்டிய இடத்திலை கொண்டுவந்து நடுவினம்."

இராசமலர் வாசலில் போய் நின்றாள். வெளியே சுறாத் துண்டுகள் காற்றில் ஆடின. கண்ட உண்மையை விழுங்குவது அவளுக்குக் காத்தோட்டிக்காயைவிடக் கசப்பாக இருந்தது. ஆனாலும் விழுங்கினாள்.

மார்கழியில் புயல் அடித்தது. கடல் எழும்பித் தாழையடி தாண்டி வந்தது. கூரைகள் பறந்தன, பனைகள் முறிந்தன. நமசிவாயத்தின் வள்ளம் பிள்ளையார் கோயில் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. தம்பிஐயாவின் வள்ளம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. சனம் கோயில் மண்டபத்தில் கிடந்து ஒடியல் கூழ் குடித்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், பிளேன் றோட்டு மட்டும் கழுவித் துடைத்த கோப்பைபோலக் கிடந்தது. ஒற்றைத் தூணும் நின்றது.

மாசியில் கொழும்பிலிருந்து கணக்குப் பார்க்கும் அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். இளநீர் வேண்டாமென்றார், ஓவசியர் வீட்டுக்கும் வரமாட்டேனென்றார். நேரே ஓடுபாதைக்கு நடந்தார். ஓவசியர் பின்னால் வியர்த்துக்கொண்டு வந்தார்.

"வேலி எங்கே?"

"புயல், சேர். முழுக்கக் கொண்டு போயிட்டுது."

அதிகாரி காக்கிச் சட்டையைப் பார்த்தார். "நீர்தானே காவலாளி? வேலி இருந்ததா?"

தம்பிஐயா வழிந்த தோளை இழுத்துவிட்டான். இருந்தது என்றால் பொய். இல்லை என்றால் வேலை போகும், வேலி வரும். அவன் இராசமலரைப் பார்த்தான்.

அதிகாரியின் கண்ணும் அவளிடம் திரும்பியது. "நீங்கள் தினமும் இங்கேதானே வேலை செய்கிறீர்கள், அம்மா? நீங்கள் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம்."

இத்தனை காலத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. நாக்கு நுனியில் திராட்சைத் தோட்டம் முழுவதும் வந்து நின்றது. ஓவசியர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

"இருந்தது ஐயா," என்றாள் இராசமலர். "வடிவான வேலி. காகம்கூட வராது."

"கம்பி போகலாம். சீமெந்துத் தூணுமா போனது?"

"என்ரை வள்ளத்தைக் கொண்டு போன கடல் ஐயா, தூணைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டே போகும்?"

அதிகாரி ஒற்றைத் தூணைத் தட்டிப் பார்த்தார். சுறா வாடை கையில் ஒட்டியது. "இது மட்டும் எப்படி நின்றது?"

"உதைத்தான் ஆழமாய் நட்டவை, படம் பிடிக்க" என்று இராசமலருக்கு வாய்தவறி வந்துவிட்டது. ஓவசியர் இருமினார். இராசமலர் அவசரமாகச் சேர்த்தாள்: "ஓவசியர் ஐயா தன்ரை கையாலை நட்டது. அவரின்ரை கைராசி."

நமசிவாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

அதிகாரி கொப்பியில் ஏதோ குறித்தார். பிறகு பையை மூடினார். "நல்லது. புயலால் அழிந்தது என்று நேரில் பார்த்தவர்களே சொல்கிறீர்கள். பிரச்சினை இல்லை. புயல் நிவாரணத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. புது வேலிக்குப் பணம் தரச் சொல்லி எழுதுகிறேன். இந்த முறை இரட்டைக் கம்பி."

காக்கிச் சட்டைக்குள் தம்பிஐயா இன்னும் சுருங்கினான். இராசமலர் தன் வாயாலேயே வேலியை அழைத்து வந்துவிட்டாளே!

அவள் ஓவசியரின் முகத்தைப் பார்த்தாள். முதலில் அதில் ஆறுதல் இருந்தது. பிறகு கண்கள் மெல்லச் சுருங்கி எங்கேயோ தூரத்துக்குப் போயின. அந்த மனிதருக்குத் தோட்டத்துக்கு மேற்கே இன்னொரு காணி உண்டு. வெங்காயக் காணி. அதற்கு இன்னும் தென்னோலைக் கிடுகு வேலிதான்.

அன்று பின்னேரம் இராசமலர் பிள்ளையார் கோயிலடிக்குப் போனாள். புயலில் ஓடு பறந்த மண்டபத்தின் முன்னால் நின்று, கொண்டுபோன இரண்டு தேங்காயில் ஒன்றை உடைத்தாள். மற்றதை, காரியம் பலித்தால் உடைப்பதாக நேர்த்திக்கடனுக்கு வைத்தாள்.

"என்ன மச்சாள் நேத்தி?" என்று கிணற்றடியில் வள்ளத்துக்குக் கீலெண்ணெய் பூசிக்கொண்டிருந்த நமசிவாயம் கேட்டான். "தம்பிஐயாவின்ரை கைக்கோ?"

"இல்லை மச்சான்," என்றாள் அவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. "ஓவசியர் ஐயாவுக்கு. பிள்ளையாரே, அந்த மனிசனுக்கு நல்ல புத்தியை மட்டும் குடுத்துப்போடாதை. இந்த முறையும் ஒரு கம்பி மிச்சமில்லாமல் களவெடுக்க வேணும்."